முதன்முறையாக அனிமே விழாவுக்குச் செல்பவருக்கு

வட்டார அளவில் மூன்று நாட்கள் நடக்கும் ஓர் அனிமே கன்வென்ஷனுக்கு, அதாவது ஜப்பானிய அனிமேஷன் ரசிகர்களின் விழாவுக்கு, முதன்முறையாக, அதுவும் தனியாகச் செல்லவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காஸ்பிளே செய்ய, அதாவது ஒரு கதாபாத்திரத்தைப் போல உடையணிந்து செல்ல, ஆசை இருக்கிறது, ஆனால் தைக்கத் தெரியாது. பெரிய விழாக்களைப் போலப் புகழ்பெற்ற விருந்தினர்கள் அதிகம் வராத இதற்குப் போவதில் பயன் உண்டா, போனால் நேரத்தையும் பணத்தையும் எதில் செலவிடுவது என்பவை உங்கள் கேள்விகள். பல ஆண்டுகளாக இத்தகைய விழாக்களுக்குச் சென்றும், சிலவற்றில் தொண்டராக நின்றும் தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன்: தயங்காமல் செல்லுங்கள். அது சிறிய விழா என்பதையே நான் அதன் முதல் சிறப்பாகக் கருதுகிறேன்.

இவ்விழாக்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் ஒரு கூட்ட அறையில் நடந்த முதல் காமிக் மார்க்கெட்டில், 32 குழுக்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட தோஜின்ஷி இதழ்களை மேசைகளில் பரப்பி வைத்திருந்தன. வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களில் பெரும்பாலோர் சிறுமியருக்கென வரையப்படும் ஷோஜோ மங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை விரும்பிப் படித்த பள்ளி மாணவிகள். அதே விழா 2019 கோடையில் டோக்கியோ பிக் சைட்டில் நான்கு நாட்கள் நடந்தபோது ஏழு லட்சத்துக்கும் அதிகமான வருகைகள் பதிவாயின. கூட்டம் ஆயிரம் மடங்கு பெருகிய பின்னும் அதன் அமைப்பாளர்கள் ஒரு கொள்கையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: அங்கே வாடிக்கையாளர் என்று ஒருவரும் கிடையாது; விற்பவர், வாங்குபவர், வரிசையை ஒழுங்குபடுத்தும் தொண்டர் ஆகிய அனைவரும் பங்கேற்பாளர்களே. லட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் இக்கொள்கையை நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சில ஆயிரம் பேர் வரும் வட்டார விழாவில் அது தானாகவே நடக்கிறது, ஏனெனில் காலையில் உங்கள் நுழைவு அட்டையைச் சரிபார்த்தவரே மாலையில் ராட்சத ரோபோக்கள் வரும் மெக்கா அனிமேயைப் பற்றி உரையாற்றுவார், உங்களுக்கு அருகில் அமர்ந்து அதைக் கேட்டவர் மறுநாள் மேடையில் காஸ்பிளே போட்டியில் நிற்பார்.

இன்னொரு மாற்றத்தையும் கவனத்தில் கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1990-ல் டல்லஸில் தொடங்கிய ப்ராஜெக்ட் ஏ-கான் போன்ற ஆரம்பகால விழாக்களின் காலத்தில் அனிமே எளிதில் கிடைக்கவில்லை. ரசிகர்களே வசன வரிகள் சேர்த்துக் கைமாற்றிய வீடியோ நாடாக்களைப் பார்ப்பதற்காகவே மக்கள் தொலைவிலிருந்து வந்தார்கள். இன்று பெரும்பாலான தொடர்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம் என்பதால் அந்தத் திரையிடல் அறைகளின் முக்கியத்துவம் குறைந்துவிட்டது. இப்போது ஒருவர் விழாவுக்குச் செல்வது, தான் பார்த்ததைப் பார்த்த இன்னொருவரை நேரில் சந்திப்பதற்காகத்தான். ஆகவே நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்ததும், வீட்டில் கிடைக்கக்கூடிய அனைத்தையும் முதலில் நீக்கிவிடுங்கள். எஞ்சியவற்றில் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் குறிக்காதீர்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு மணி நேரமாவது வெறுமையாக இருக்கட்டும். வரிசையில் நிற்பதற்கும் வழி தேடுவதற்கும் அதில் பாதி போய்விடும், மீதியில்தான் எதிர்பாராத சந்திப்புகள் நிகழும்.

அப்படிக் குறிக்கும்போது ரசிகர்களே நடத்தும் உரையரங்குகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். விழாக்காரர்கள் இவற்றைப் பேனல் என்பார்கள். ஒளிபுகும் தாள்களில் கையால் தீட்டிய பழைய செல் அனிமேஷனில் நிறங்கள் எப்படித் தீட்டப்பட்டன, ஒரு தொடரின் பின்னணி இசை காட்சியோடு எவ்வாறு இணைகிறது, கிமோனோவை முறையாக எப்படி உடுத்துவது என்றெல்லாம், அந்த ஒரு பொருளை ஆண்டுக்கணக்கில் தோண்டிப் பார்த்த ஒருவர் முப்பது பேருக்கு முன்னால் நின்று பேசுவார். அவருடைய ப்ரொஜெக்டர் நடுவில் நின்றுபோகலாம், குரல் நடுங்கலாம். இருந்தாலும் விலைகொடுத்துப் பெற முடியாத அறிவு அந்த அறையில் கிடைக்கும், உரை முடிந்ததும் நேரே சென்று கேள்வி கேட்கவும் முடியும். அனிமே காட்சிகளை ஒரு பாடலுக்கு ஏற்ப வெட்டிக் கோத்த ஏஎம்வி போட்டியையும் தவறவிடாதீர்கள், அங்கே பெரும்பாலும் பார்வையாளர்களின் வாக்குக்கும் மதிப்புண்டு.

ஜப்பானிலிருந்து ஒரு குரல் நடிகரோ இயக்குநரோ வந்தால் அந்த அரங்குக்கும் செல்லலாம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு கேள்வியும் பதிலும் மொழிபெயர்ப்பாளர் வழியாக இருமுறை சொல்லப்படுவதால், ஐம்பது நிமிட அரங்கில் உண்மையான உரையாடல் இருபத்தைந்து நிமிடம்தான். கேள்வி கேட்கும் வாய்ப்பு கிடைத்தால் ஒரே வாக்கியத்தில், வேலையைப் பற்றிக் கேளுங்கள். ‘அந்தக் காட்சிக்குக் குரல் கொடுத்தபோது ஓவியம் முடிந்திருந்ததா, வெறும் கோட்டுப்படத்தைப் பார்த்துப் பேசினீர்களா?’ என்பது போன்ற கேள்விக்கு விருந்தினரின் முகம் மலர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘உங்களுக்குப் பிடித்த கதாபாத்திரம் எது?’ என்பதற்குக் கிடைப்பது மரியாதையான பதிலாக இருக்கும், அவ்வளவுதான். கையெழுத்து வாங்குவதற்கு பெரும்பாலும் தனி டிக்கெட்டோ குலுக்கலோ இருக்கும். அந்த விதி விழாவுக்கு விழா மாறும் என்பதால் முந்தைய நாளே படித்துவிடுங்கள். ஜப்பானில் கையெழுத்துக்கென்றே ஷிகிஷி என்ற தடித்த அட்டை உண்டு, 242-க்கு 273 மில்லிமீட்டர் அளவு. அதில் ஒன்றை எடுத்துச் சென்றால் விருந்தினருக்கும் எழுத வசதியாக இருக்கும், நீங்கள் வீட்டில் சட்டமிட்டு மாட்டுவதும் எளிது.

இனி, வட்டார விழாவில் நான் மிகவும் நேசிக்கும் இடத்துக்கு வருகிறேன். வணிகர் கூடத்துக்கு அருகிலோ அதன் ஓரத்திலோ ஆர்ட்டிஸ்ட் ஆலி எனப்படும் ஓவியர் வரிசை இருக்கும். மேசைக்கு ஒருவர் அல்லது இருவர். பின்புறம் கம்பிச் சட்டத்தில் தொங்கும் அச்சுப் படங்கள், முன்னால் அக்ரிலிக் சாவிக்கொத்துகளும் ஸ்டிக்கர்களும் பட்டன் பேட்ஜ்களும். ஒருமுறை அத்தகைய மேசையின் முன்னால் நின்று ஓர் இளம் ஓவியர் நான் கேட்ட முகத்தை வரைவதைப் பார்த்தேன். பென்சில் கோடு காய்ந்த இலை நரம்பைப் போல மெலிதாக இருந்தது. அதன்மேல் மிக வெளிறிய தோல்நிறத்தை மார்க்கரால் ஒரே வீச்சில் பரப்பினார். அது காய்வதற்குள் கன்னத்தில் சற்று அடர்ந்த நிறத்தை ஒற்றியதும் இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்து விளிம்பே தெரியாமல் போயிற்று. கண்ணுக்கு மூன்று நிறங்கள், மேலிருந்து கீழாக வெளுத்துக்கொண்டே வந்தன. இருபது நிமிடம் முடியும்போது வெள்ளை ஜெல் பேனாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கருவிழியின் மேல் ஒரே ஒரு புள்ளி வைத்தார். அதுவரை காகிதமாக இருந்த முகம் என்னைப் பார்த்தது.

இத்தகைய ஓவியர்களிடம் வாங்குவதுதான் விழாவில் செலவழிக்கும் பணத்தின் மிகச் சிறந்த பயன் என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சாலைப் பொருள்களை ஆண்டு முழுவதும் இணையத்தில் வாங்கலாம். இந்தப் படம் இந்த மேசையில் மட்டுமே கிடைக்கும். தனி ஓவியம் வரைந்து தரச் சொல்லும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள், ஏனெனில் இரண்டாம் நாள் நண்பகலுக்குள் அவர்களுடைய பட்டியல் நிரம்பிவிடும். வாங்காவிட்டாலும் நின்று பார்க்கலாம், பாராட்டலாம். ஆனால் படங்களை அனுமதியின்றிப் புகைப்படம் எடுப்பதும், வாங்க வரும் பிறரை மறைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவதும் அவர்களுடைய பிழைப்பைக் கெடுக்கும். பிறருடைய கதாபாத்திரங்களை வரைந்து விற்பது சட்டப்படி சரியா என்று சிலர் கேட்பதுண்டு. ஜப்பானில் பதிப்புரிமை மீறலைப் பொறுத்தவரை நெடுங்காலமாக உரிமையாளர் புகார் கொடுத்தால் மட்டுமே குற்றவியல் வழக்கு நடந்தது. 2018 இறுதியில் சட்டம் மாறியபோதும் தோஜின்ஷி போன்ற ரசிகர் ஆக்கங்கள் புகாரின்றி வழக்குக்குள் வராதபடி எல்லை வகுத்தார்கள். சட்டம் இயற்றியவர்களும் இந்த ரசிகர் உலகின் பயனை உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சான்று. பிற நாடுகளில் சட்டம் வேறு, ஒவ்வொரு விழாவும் தனக்கென விதி வைத்திருக்கும்.

வணிகர் கூடத்தைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை: கதாபாத்திரங்களின் போலிச் சிலைகள். நானே ஒருமுறை, விலை குறைவாக இருக்கிறதே என்ற ஆவலில் ஒரு கடையில் வாங்கிச் சென்ற சிறு சிலையை வீட்டில் பிரித்தபோது, பெட்டிக்குள்ளிருந்து பெயின்ட் வாடை அடித்தது. தலைமுடியின் நிறம் நெற்றியில் வழிந்திருந்தது, பாதம் பீடத்தின் குமிழில் பொருந்தவே இல்லை. உண்மையான சிலையில் கண்கள் கூர்மையாக அச்சிடப்பட்டிருக்கும், இரண்டு பாதிகள் சேரும் கோடு முடியிலோ உடையின் மடிப்பிலோ மறைந்திருக்கும், பெட்டியில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் உரிமைக் குறிப்பும் தெளிவாக இருக்கும். வாங்க நினைக்கும் சிலையின் வழக்கமான விலையை முன்பே அறிந்துகொண்டு செல்லுங்கள்; அதில் பாதிக்குப் புத்தம் புதிதாக ஒருவர் தந்தால் விலகிவிடுங்கள்.

காஸ்பிளே பற்றிய உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன், மர்டில் டக்ளஸ் என்ற இரு ரசிகர்கள் எதிர்காலத்து உடைகளில் வந்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் டக்ளஸ். காஸ்பிளேயின் ஜப்பானிய வடிவமான ‘கோசுபுரே’ என்ற சொல்லை 1983-ல் ஒரு ஜப்பானிய இதழில் நொபுயுகி தகஹாஷி பயன்படுத்தினார். இந்த நெடிய மரபில் தையல் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று எவரும் சொன்னதில்லை. அலமாரியில் இருக்கும் உடைகளைக் கொண்டே செய்யும் காஸ்பிளேவுக்கு நல்ல மதிப்பு உண்டு: பள்ளிச் சீருடை அணியும் பாத்திரங்கள், கோட்டும் டையும் அணியும் துப்பறிவாளர்கள், ஹூடி அணிந்து திரியும் விளையாட்டு வீரர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் தலைமுடிதான். ஆகவே பணத்தின் பெரும்பகுதியை விக்கில் போடுங்கள். வெப்பம் தாங்கும் இழை என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள், ஏனெனில் மற்றவை முடி உலர்த்தியின் சூட்டிலேயே சுருங்கிவிடும். முன்முடியைத் தலையில் அணிந்த பிறகு, கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து, சிறிது சிறிதாக வெட்டுங்கள். புருவத்தை விக்கின் நிறத்துக்கு மாற்றுங்கள், பலரும் மறப்பது இதைத்தான்.

கவசமோ வாளோ செய்யும் ஆசை இருந்தால் ஈவிஏ ஃபோம் எனப்படும் நுரைப்பலகை போதும், உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் விரிக்கும் அதே பொருள். காகிதத்தில் அளவு வெட்டி, புதிய பிளேடால் ஒரே இழுப்பில் அறுத்து, ஹீட் கன் எனும் சூடான காற்றுக் கருவியைக் காட்டினால் அதன் நுண்துளைகள் மூடி மேற்பரப்பு பளபளக்கும்; சூடாக இருக்கும்போதே வளைத்துப் பிடித்தால் அந்த வளைவில் நிற்கும். கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையை இரு பக்கமும் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும், சேர்த்தபின் நகர்த்த முடியாது. ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஆவியைத் தடுக்கும் முகமூடி அணிந்து இவ்வேலையைச் செய்யுங்கள், தலைசுற்றல் வந்தபின் திறப்பதில் பயனில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் இதை வைத்துவிட்டுப் போகவும் கூடாது, சூட்டில் வடிவமும் குலையும், ஹாட் கிளூ என்ற உருக்கி ஒட்டும் பசையால் ஒட்டியிருந்தால் அதுவும் விட்டுவிடும்.

உடைந்தால் அஞ்ச வேண்டாம். பல விழாக்களில் காஸ்பிளே பழுதுநீக்கும் மேசை ஒன்று இருக்கும். நான் அங்கே தொண்டாற்றிய ஒரு நாளில், தோள்கவசம் இரண்டாகப் பிளந்த ஒரு பையன் அதைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான். மேடை ஏற நாற்பது நிமிடமே இருந்தது. வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் தன் கிழிந்த பாவாடையை மறந்துவிட்டுக் கவசத்தின் இரண்டு பாதிகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார், நான் பசை வைத்தேன், பசை இறுகும்வரை மூவரும் அசையாமல் நின்றோம். அவன் மேடையேறினான். அந்தப் பெண்ணின் பாவாடையை அதன் பிறகு ஊக்குகள் குத்திச் சரிசெய்தோம். அவர்கள் இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

போலி ஆயுதங்களை நுழைவாயிலில் சோதித்து அடையாளச் சீட்டு கட்டுவார்கள். உலோக வாள்களுக்கு எங்கும் இடமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்; நீளத்துக்கும் வரம்பு இருக்கும். வளாகத்துக்கு வெளியே நடக்கும்போது துப்பாக்கி வடிவப் பொருள்களை உறையில் மறைத்தே எடுத்துச் செல்ல வேண்டும், தொலைவிலிருந்து பார்க்கும் காவலருக்கு அது நுரைப்பலகை என்று தெரியாது. காமிக் மார்க்கெட்டிலோ காஸ்பிளே உடையணிந்தபடி வீட்டிலிருந்து வருவதற்கே தடை உண்டு. உள்ளே வந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

புகைப்படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். இது நாகரிகம் மட்டுமல்ல, பல விழாக்களில் விதியும்கூட. 2014-ல் நியூயார்க் காமிக் கான் வளாகத்தில் ‘காஸ்பிளே என்பது சம்மதம் ஆகாது’ என்ற பெரிய பலகைகளை வைத்தார்கள். உடை எதுவாக இருந்தாலும் அதை அணிந்தவரைத் தொடவோ, மறைந்திருந்து படமெடுக்கவோ, கட்டியணைக்கவோ எவருக்கும் உரிமையில்லை என்பதை அதன் பிறகு ஏராளமான விழாக்கள் தங்கள் விதிகளில் வெளிப்படையாக எழுதின. நீங்கள் காஸ்பிளே செய்தால் இது உங்களுக்கும் பாதுகாப்பு. எவரேனும் எல்லை மீறினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே அருகிலுள்ள தொண்டரிடம் சொல்லுங்கள். படமெடுக்கும்போது நடைபாதையை அடைக்காமல் ஓரமாக நகர்ந்துகொள்ளுங்கள், உடையணிந்தவரின் பெயரைக் கேட்டு வாங்கி, படத்தை அவருக்கும் அனுப்புங்கள்.

தனியாகச் செல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனிமையை நீக்க மூன்று இடங்கள் உண்டு. பலகை விளையாட்டு அறையில் எப்போதும் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், அங்கே பேச்சைத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை, ஆட்டம் தொடங்கிவிடும். ஒரு தொடரின் காஸ்பிளேயர்கள் எல்லோரும் குறித்த நேரத்தில் ஓரிடத்தில் கூடும் சந்திப்புகள் இரண்டாவது. அதே தொடரின் மிகச் சிறிய துணைப் பாத்திரமாகச் சென்றவரைத்தான் அங்கே அதிகம் கொண்டாடுவார்கள். மூன்றாவது, தொண்டராகச் சேர்வது. பல வட்டார விழாக்கள் ஊதியம் பெறாத தொண்டர்களாலேயே நடக்கின்றன. சில மணி நேரம் வேலை செய்தால் நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் விழாக்களும் உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் இரவு நேர அரங்குகள் சிலவற்றில் அனுமதி இராது, பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் தேவைப்படலாம்.

உடம்பைக் கவனிப்பதற்கு ரசிகர்களிடையே 5-2-1 என்றொரு பழைய விதி உண்டு: நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை முழு உணவு, ஒரு குளியல். ஐந்துக்குப் பதில் ஆறு என்பாரும் உண்டு, நான் ஆறின் பக்கம். குளியல் இதில் சேர்ந்திருப்பது அடைத்த அறையில் அருகில் அமர்பவரின் பொருட்டு. புதுக் காலணியை விழாவன்று முதன்முறையாக அணியாதீர்கள், தண்ணீர்ப் புட்டி எப்போதும் கையில் இருக்கட்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே காற்றைச் சுவாசித்துவிட்டு வீடு திரும்பும்போது சளியும் காய்ச்சலும் தொற்றுவது மிகவும் வழக்கம் என்பதால், நெருக்கமான வரிசைகளில் முகக்கவசம் அணிவதும், விழாவுக்கு மறுநாளை ஓய்வுக்கென ஒதுக்குவதும் நல்லது.

கடைசி நாள் பிற்பகலில் அவசரமாகக் கிளம்பிவிடாதீர்கள். ஓவியர்கள் சட்டங்களைக் கழற்றும் அந்த வேளையில்தான் அவர்களுக்குப் பேச நேரம் கிடைக்கும். சில விழாக்களில் நிறைவுக்குச் சற்று முன்னதாகக் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்றும் நடக்கும். அமைப்பாளர்கள் முன்னால் அமர்ந்திருக்க, யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். எந்த வரிசை ஒழுங்காக நகரவில்லை, எந்த அறைக்கு வழிகாட்டிப் பலகை இல்லை, எந்த உரையரங்கு உங்களை அசையவிடாமல் உட்கார வைத்தது என்பதை அங்கே சொல்லுங்கள், அவர்கள் குறித்துக்கொள்வார்கள். அப்படியே, அடுத்த ஆண்டுக்கான உரையரங்கு விண்ணப்பங்களை எப்போது வாங்கத் தொடங்குவார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.